இரண்டாயிரத்து இருநூறாவது மீட்டர்

அந்தப் பூங்காவுக்கு ஆறு வாசல். ஆறிலும் ஒரே பலகை. புல்லில் நடக்கக் கூடாது, பூப்பறிக்கக் கூடாது, வாத்துக்குத் தீனி போடக் கூடாது, குளத்தில் கால் நனைக்கக் கூடாது என்று பதினேழு கூடாதுகள் வரிசையாக இறங்கிவந்து, பதினெட்டாவது வரியில் ‘பூங்காவின் அழகை ரசித்து மகிழவும்’ என்று முடியும். பதினேழையும் படித்து முடித்தவனுக்கு மகிழ்வதற்கு என்ன மிச்சமிருக்கும் என்பது எழுதியவருக்கே வெளிச்சம்.

லிஃப்ட்காரர் இருபத்துமூன்று நாளாக இந்தப் பலகையைத் தாண்டித் தினமும் காலையில் உள்ளே போய்க்கொண்டிருந்தார். மனைவி இறந்து இருபத்தாறு நாள். நடக்க வருகிறவர்களுக்குக் கால் எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவு வாயும் செய்யும். “மூணே நாள்ல ஷூவை மாட்டிக்கிட்டு வந்துட்டார் பாருங்க” என்றது ஒரு கட்சி. “மனசைத் தேத்திக்கிட்டார், இரும்பு மனுஷன்” என்றது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் டெபாசிட் போயிற்று. அவர் நடக்கவும் வரவில்லை, தேற்றிக்கொள்ளவும் வரவில்லை. மூன்றாம் பகுதியைப் பெருக்கும் அம்மாவைத் தேடி வந்துகொண்டிருந்தார். அந்த அம்மாவோ லீவில் போயிருந்தார்.

லிஃப்ட்காரர் என்றால் ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறவர் அல்ல. அப்படி நினைத்தால் அவருக்குக் கோபம் வரும். வரும் என்பது பழைய கதை, இப்போது எதுவும் வருவதில்லை. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். முப்பத்தாறு வருஷம் உயரமான கட்டடங்களின் வயிற்றுக்குள் இறங்கி எண்ணெயும் தூசியுமாக ஏறி வந்தவர். இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிக்கொண்டவர்களைக் கதவிடுக்கு வழியாகப் பேசிப் பேசியே அமைதிப்படுத்துவதில் கெட்டிக்காரர். “பயப்படாதீங்க, வந்துட்டே இருக்கேன்” என்று மேல்மாடியிலிருந்து குரல் கொடுத்துவிட்டு, கையிலிருக்கும் டீயைக் குடித்து முடித்துவிட்டு வருவதும் உண்டு. சிக்கியவன் எங்கே ஓடிவிடப் போகிறான்?

வேலை முழுக்க மேலும் கீழுமாகவே போனதால், சமதரையில் நடப்பது அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை, அதாவது கால்வரவில்லை. பாதையின் ஓரமாக, யாரோ கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவர் மாதிரி நடப்பார்.

மனைவி நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம். நீளமான வார்டு. ஒரு கோடியில் மணி அடித்தால், அடுத்த மணி அடிப்பதற்குள் அங்கே போய் நிற்க வேண்டும். ஆனால் ஓடக் கூடாது, ஓடினால் மற்ற நோயாளிகள் பயந்துவிடுவார்கள். ஆகவே நடக்கிற மாதிரியே ஓடக் கற்றுக்கொண்டார். ரிட்டயர் ஆன பிறகும் அந்த நடை போகவில்லை. சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவார், பார்க்கிறவர்களுக்கு வீட்டில் யாருக்கோ உயிர் ஊசலாடுகிறது என்று தோன்றும். கையில் பார்த்தால் ஒரு கரண்டி இருக்கும்.

இந்த இரண்டு பேரும் சேர்ந்து நடப்பது எப்படி? நடக்கத் தொடங்கிய முதல் வாரம் முயன்று பார்த்தார்கள். நர்ஸம்மா ஐம்பதடி முன்னால் போய் நிற்பார். இவர் வந்து சேர்வார். சேர்ந்ததும் அவர் கிளம்பிவிடுவார். “ஆமை கூட உங்களைப் பார்த்து, பாவம்னு நின்னு நின்னு போகும்” என்றார் நர்ஸம்மா. “நீ போற வேகத்துக்குப் பின்னாடி சைரன்தான் இல்லை” என்றார் இவர். எட்டாம் நாள் நர்ஸம்மா தீர்ப்புச் சொன்னார். “நான் இடது பக்கம் போறேன், நீங்க வலது பக்கம் போங்க. எங்கயாச்சும் எதிர்ல பார்ப்போம்.”

பூங்காவைச் சுற்றிப் போகும் பாதை மூன்று கிலோமீட்டர். நூறு மீட்டருக்கு ஒருமுறை தரையில் வெள்ளைப் பெயின்டால் எண் எழுதியிருக்கும். நர்ஸம்மா ஒரு சுற்றை முப்பத்திரண்டு நிமிஷத்தில் முடிப்பார், லிஃப்ட்காரருக்கு நாற்பத்தெட்டு. எதிரெதிராக நடந்தால் பத்தொன்பது நிமிஷத்துக்கு ஒருமுறை சந்திப்பு. ஒரு காலைக்கு மூன்று. ஒவ்வொரு சந்திப்பும் மூன்று விநாடி. யாரும் நிற்பதில்லை.

அதன் பிறகு ஒன்பது வருஷக் குடும்பம் அந்த மூன்று விநாடிகளில் நடந்தது.

“கேஸை மூடினீங்களா?” என்று முதல் சந்திப்பில் கேட்டுவிட்டு நர்ஸம்மா போய்விடுவார். இவர் பத்தொன்பது நிமிஷம் யோசிப்பார். இரண்டாம் சந்திப்பில், “மூடினேன்னுதான் நினைக்கிறேன்” என்பார். “நினைக்கிறீங்களா?” என்று கேட்டபடி அவர் கடந்துபோவார். மீதி நடை முழுக்க இவர் மனக்கண்ணில் வீடு எரிந்துகொண்டிருக்கும். மூன்றாவதில் நர்ஸம்மாவே, “நான் மூடிட்டேன், சும்மா கேட்டேன்” என்று சொல்லிவிட்டு, இவர் முகத்தைப் பார்க்காமல், ஆனால் பார்த்த மாதிரியே, போய்விடுவார்.

மகளுக்கு வரன் பார்த்ததும் இப்படித்தான். “பையன் எப்படி?” “உயரம்.” அது திங்கட்கிழமை. “உயரம்னா நல்லதா, கெட்டதா?” அது செவ்வாய். ஞாயிற்றுக்கிழமை நிச்சயமாகிவிட்டது.

சண்டை வந்தால் மட்டும் ஏற்பாடு மாறும். இதை இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அமைந்தது. வாசலில் நர்ஸம்மா வழக்கம்போல இடப்பக்கம் திரும்புவார். வலப்பக்கம் போக வேண்டிய லிஃப்ட்காரரும் இடப்பக்கமே திரும்புவார். ஒரே திசையில் போனால் எதிரில் பார்க்க வேண்டியதில்லை. அவர் வேகத்துக்கு இவரை ஒரு சுற்று முந்திப் பின்னாலிருந்து பிடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவ்வளவு நேரம் யாரும் நடப்பதில்லை. கதவைச் சாத்தாமல், குரலை உயர்த்தாமல், முதுகைப் பார்த்துக்கொண்டே கோபப்பட இதைவிட நாகரிகமான வழி இல்லை. உலகத்தில் வேறு எந்தப் புருஷன் பெண்டாட்டிக்கும் இது புரியாது, இவர்களுக்குப் புரியும்.

இருபத்தாறு நாளுக்கு முன்னால் லிஃப்ட்காரர் இடப்பக்கம் திரும்பினார்.

காரணம் ஒரு குழாய். சமையலறையில் மூன்று வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அன்று காலை நர்ஸம்மா, “ஊருக்கெல்லாம் மெக்கானிக், வீட்டுக்கு மட்டும் விருந்தாளி” என்றார். “மூணு வாரமா சொட்டுது, இன்னைக்குத்தான் உன் காதுல விழுந்துச்சா?” என்றார் இவர். “என் காதுல தினமும் விழுது. உங்க காதுல எதுதான் விழுந்திருக்கு?” அவ்வளவுதான். வாசல்வரை இருவரும் பேசவில்லை. பலகையருகே நர்ஸம்மா ஒரு நொடி நின்று ஷூவின் நாடாவைப் பார்த்தார், பிறகு இடப்பக்கம் போனார். இவரும் போனார். நூறடி தாண்டி நர்ஸம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தார், பின்னால் வருவது தெரிந்ததும் வேகத்தைக் கூட்டினார்.

எண்ணூறாவது மீட்டரில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. புல்லில் நடக்கக் கூடாது என்ற முதல் கூடாதை மீறி மீறி ஜனங்கள் போட்ட ஒற்றையடிப் பாதை. அது நேராக மூன்றாம் வாசலுக்குப் போகும். வாசலுக்கு வெளியே டீக்கடை. லிஃப்ட்காரர் நின்றார். முன்னால் நர்ஸம்மாவின் முதுகு வளைவில் மறைந்துவிட்டிருந்தது. எதற்குக் காலங்காத்தாலே ஒரு முதுகைத் துரத்த வேண்டும் என்று தோன்றியது. புல்லில் இறங்கினார். டீ சொன்னார். கடைக்காரர் பேப்பர் கொடுத்தார். பேப்பரில் நாலாம் பக்கம்வரை வந்தபோது உள்ளே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. யாருக்கோ என்று நினைத்தார். அஞ்சாம் பக்கத்தைப் புரட்டினார்.

“நான் பின்னாடிதான் வந்துட்டிருந்தேன்.” இதை வாட்ச்மேனிடம் சொன்னார், டாக்டரிடம் சொன்னார், இருட்டுவதற்குள் பஸ் பிடித்து வந்த மகளிடம் சொன்னார். பொய் என்று திட்டமிட்டுச் சொல்லவில்லை. வாய் திறந்தது, அது வந்தது. பிறகு அதைத் திரும்பக் கூப்பிட முடியவில்லை.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். தோளில் கை வைத்து, “ஒரே நொடிங்க. பக்கத்துலயே நின்னிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது” என்றார். இதை அவர் எல்லோருக்கும் சொல்வார் போலிருந்தது, கை அவ்வளவு பழக்கமாகத் தோளில் வந்து உட்கார்ந்தது. ஆனாலும் லிஃப்ட்காரர் அந்த வார்த்தையைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார். ஒரே நொடி என்றால் டீக்கடையும் ஒன்றுதான், பக்கமும் ஒன்றுதான்.

அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள், பிறகு காப்பி கேட்டார்கள். யாரோ அழைப்பு மணியை அழுத்தியபோது அது கரகரத்தது. லிஃப்ட்காரர் எழுந்து போய் ஸ்க்ரூடிரைவரால் அதைக் கழற்றிச் சரிசெய்தார். உள்ளே மைத்துனி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார், இவர் வெளியே நின்று மணியை இரண்டுமுறை அடித்துப் பார்த்தார். நன்றாக அடித்தது. இஸ்திரி போடும்போது விரல் சுட்டது, வாசனை வந்த பிறகுதான் கையை எடுத்தார். எருமை மாட்டின் மேல் மழை என்பார்கள். மழை பெய்கிறது என்று எருமைக்குத் தெரியும், அதற்கென்ன செய்வது என்றுதான் தெரியாது.

மூன்றாம் நாள் வாட்ச்மேன் நர்ஸம்மாவின் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். போகும்போது சும்மா இருக்க முடியாமல், “பாவம் சார், பெஞ்சுல உட்கார்ந்த வாக்குலயே போயிட்டாங்க” என்றார்.

“உட்கார்ந்தா?”

“ஆமா சார். இரண்டாயிரத்து இருநூறுல, குளத்தைப் பார்த்த மாதிரி ஒரு பெஞ்ச் இருக்குல்ல.”

“நடந்துட்டிருக்கும்போது விழலையா?”

“விழலை சார். எனக்கு வேற தெரியாது. மூணாம் பகுதி பெருக்கற அம்மாதான் பார்த்துச்சு, அதுதான் ஓடி வந்து சொல்லுச்சு. அது மகளுக்குப் பிரசவம்னு அன்னைக்கே ஊருக்குப் போயிடுச்சு. பத்து நாள்ல வரும், இல்ல இருபது நாள்ல வரும்.”

ஒரே நொடியில் போகிறவர், நடந்துகொண்டிருந்தால் பாதையில் விழுவார். பெஞ்சுக்குப் போய், உட்கார்ந்து, பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போக மாட்டார். உட்கார்ந்து எவ்வளவு நேரம்? அந்தக் கேள்விக்கு மேல் லிஃப்ட்காரரின் யோசனை போகாது. இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடும்.

மறுநாளே ஷூவை மாட்டினார்.

தினமும் இரண்டாயிரத்து இருநூறுக்குப் போய் அந்த பெஞ்சில் உட்காருவார். எதிரே புல்வெளியில் சிரிப்புச் சங்கம் கூடும். ஏழு மணிக்கு விசில் ஊதினால் நாற்பது பேர் கையைத் தூக்கிக்கொண்டு ‘ஹா ஹா’ என்பார்கள், ஏழேகாலுக்கு விசில் ஊதினால் நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் சங்கத் தலைவி இவர் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்தினார். இவரும் கையைத் தூக்கி, மூன்றுமுறை, சொன்ன அளவுக்குச் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கஷ்டமாக இல்லை. அழச் சொல்லி விசில் ஊதியிருந்தால் அதையும் செய்திருப்பார்.

வானிலை என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு பழைய வங்கி மேனேஜர் அவ்வப்போது பக்கத்தில் வந்து உட்காருவார். யாரைப் பார்த்தாலும் வணக்கத்துக்குப் பதில் வெப்பநிலை சொல்கிறவர்.

“இன்னைக்கு முப்பத்துமூணு, லிஃப்ட்காரரே. சாயங்காலம் மழைக்கு நாற்பது சதவீதம்.”

“சரி.”

“அழுதுடுங்க. உள்ளேயே வச்சிருந்தா ஆபத்து. காத்தழுத்தம் மாதிரிதான், ஒரு இடத்துல இறங்கியே ஆகணும்.”

“இறங்கும்போது சொல்றேன்.”

“நான் முன்கூட்டியே சொல்வேன்” என்றார் வானிலை, சிரிக்காமல்.

மகள் தினமும் ஏழேகாலுக்குப் போன் செய்வாள். வேறு ஊரில், ஆபீஸுக்குக் கிளம்பும் நேரம் அது. “எங்க இருக்கீங்க?” “பார்க்.” “நல்லது, நடங்க.” அம்மா நடந்த பாதையில் அப்பா நடக்கிறார் என்பதில் அவளுக்கு ஏதோ ஒரு திருப்தி. தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள். “அம்மா கடைசியா நடந்தப்பவும் அப்பா பின்னாடியே போயிட்டிருந்தார்” என்று அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். அவருக்குத் தெரியும்.

இருபத்துமூன்றாவது நாள் காலை பெஞ்சருகே ஒரு தள்ளுவண்டி நின்றது. வண்டி நிறைய சருகு. நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண், தலையில் துணி கட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு சருகைத் தூக்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கமாகப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“நீங்கதான் மூணாம் பகுதியா?”

“நான் முழுசாத்தான் இருக்கேன். பெருக்கறதுதான் மூணாம் பகுதி. என்ன வேணும்?”

“போன மாசம் இந்த பெஞ்சுல ஒரு அம்மா…”

துடைப்பம் நின்றது. “நர்ஸம்மாவா?”

“நர்ஸுன்னு எப்படித் தெரியும்?”

“அவங்களேதான் சொன்னாங்க.”

லிஃப்ட்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரே நொடியில் போனவர், போகிற நொடியில் தன் உத்தியோகத்தைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அவ்வளவு தெரிந்துவிட்டது. மீதியைக் கேட்காமல் எழுந்து போயிருக்கலாம். கேட்டார்.

“என்ன சொன்னாங்க?”

“வேகமா வந்தாங்க. சட்டுனு நின்னு, நெஞ்சைத் தடவிக்கிட்டு இங்க உட்கார்ந்தாங்க. மூஞ்சி வேர்த்துப் போச்சு. யாரையாச்சும் கூப்பிடவாம்மான்னு கேட்டேன். ‘வேணாம், வாயுதான். நான் நர்ஸு, எனக்குத் தெரியாதா’ன்னாங்க. ‘வீட்டுக்காரர் பின்னாடி வராரு, மெதுவாத்தான் வருவாரு, வந்துடுவாரு’ன்னாங்க. சரின்னு நான் வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டேன். சருகு கொட்டற குழி அந்தக் கோடியில. போயி கொட்டிட்டு வர அரை மணி நேரம் ஆகும்.”

“திரும்பி வந்தப்போ?”

“அப்பவும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாங்க. இன்னுமா வரலன்னு கேட்டேன். ‘கோபத்துல இருக்காரு, அதான் இன்னும் மெதுவா வராரு’ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அந்த மரத்தடிவரைக்கும் பெருக்கிட்டுத் திரும்பிப் பார்த்தா, தலை சாஞ்சிருந்துச்சு. உடனே ஓடினேன்.”

லிஃப்ட்காரர் குளத்தைப் பார்த்தபடி கேட்டார். “வீட்டுக்காரர் வந்தாரா?”

“எங்க வந்தாரு? வாட்ச்மேன் வந்தாரு, ஆம்புலன்ஸ் வந்துச்சு, அதோ அந்தச் சிரிக்கிறவங்க எல்லாரும் வந்து சுத்தி நின்னாங்க. எல்லாம் ஆன பிறகு ஒரு ஆள் அந்த வாசல் பக்கமிருந்து, கையில பேப்பரோட…”

அந்த அம்மா நிறுத்தினார். லிஃப்ட்காரர் முகத்தைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார், பேப்பர் இருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி.

“நீங்களா ஐயா?”

“ஆமா.”

அந்த அம்மா தலைத்துணியை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

லிஃப்ட்காரரின் மூளை மட்டும் பழக்கதோஷத்தில் வேலை செய்தது. நர்ஸம்மா இங்கே வந்து உட்கார்ந்தது புறப்பட்ட இருபத்துமூன்றாவது நிமிஷம். குறுக்குவழியில் இறங்காமல் இருந்திருந்தால், இவருடைய நடைக்கு, முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் இங்கே வந்திருப்பார். தலை சாய்ந்தது எப்படியும் அறுபதுக்குப் பக்கம். ஆம்புலன்ஸ் கூப்பிட்ட ஒன்பதாவது நிமிஷம் வந்ததாக வாட்ச்மேன் பெருமையாகச் சொல்லியிருந்தார். எவ்வளவு மெதுவாக நடந்திருந்தாலும் போதும். வழியில் நின்று வாத்தை வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருந்தாலும் போதும்.

இப்போது ஏதாவது வரும் என்று காத்திருந்தார். நெஞ்சுக்குள் ஏதோ உடையும், அறுந்து விழும், அதன் சத்தம் தனக்குக் கேட்கும் என்று உட்கார்ந்திருந்தார். புல்வெளியில் விசில் ஊதினார்கள். நாற்பது பேரும் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒன்றும் வரவில்லை.

போன் அடித்தது. ஏழேகால்.

“அப்பா, எங்க இருக்கீங்க?”

“பார்க்குல. அம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சுல.”

“நடக்கலையா?”

“ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் பின்னாடி போகலை. பாதியில வெளிய போயி டீ குடிச்சிட்டிருந்தேன். நான் வருவேன்னு அம்மா இங்க உட்கார்ந்திருந்திருக்கா.”

அந்தப் பக்கம் பஸ் ஒன்று நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. அவளுடைய பஸ்ஸாக இருக்க வேண்டும். அவள் ஏறியதாகத் தெரியவில்லை.

“எவ்வளவு நேரம்?”

“அரை மணி நேரத்துக்கு மேல.”

“பேசிட்டிருந்தாங்களா?”

“பெருக்கற அம்மாகிட்டப் பேசியிருக்கா. சிரிச்சிருக்கா.”

“சரி.”

“சரின்னா?”

“சரின்னா சரிப்பா.” இன்னொரு பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. “எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு. நான் அப்புறம் பேசறேன்.”

எப்போது என்று அவள் சொல்லவில்லை. தினமும் போனை வைக்கும்போது ‘சாப்பிடுங்க’ என்பாள், இன்று அதுவும் இல்லை. லிஃப்ட்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்தார்.

துடைப்பம் நெருங்கி வந்தது. அந்த அம்மாவுக்கு எட்டு மணிக்குள் மூன்றாம் பகுதியை முடிக்க வேண்டும். யார் உட்கார்ந்திருந்தாலும் பெஞ்சுக்கடியில் சருகு சருகுதான்.

“கொஞ்சம் காலைத் தூக்குங்க ஐயா.”

லிஃப்ட்காரர் இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கினார். துடைப்பம் அடியில் நுழைந்து, சருகுகளையும் ஒரு மிட்டாய்க் காகிதத்தையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து, அடுத்த பெஞ்சுக்குப் போயிற்று. அதற்கடுத்ததற்கும் போயிற்று. தொடை நடுங்க ஆரம்பித்தது. ஷூ இரண்டும் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. அவர் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தூரத்திலிருந்து அந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

“ஐயா, அங்க முடிஞ்சிடுச்சு. காலை இறக்கிக்கலாம்.”

இறக்கினார்.